பதினோராவது பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் பதினொன்று பார்த்தார்கள். முதல் பத்தை ஜோசியர் பார்த்துவிட்டு வெற்றிலை பாக்கோடு போய்விடுவார். பதினோராவதை அப்பா பார்ப்பார். அதற்கு இங்கிலீஷ் பொருத்தம் என்று நான் பெயர் வைத்திருந்தேன். அப்போது வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் முதுகு பழுத்திருக்கும். இப்போது சொல்லலாம். அடிக்க ஆள் இல்லை.

அப்பா கோலாலம்பூரில் ரயில்வே ஆபீஸ் ஒன்றில் பெரிய கிராணி. குமாஸ்தாவை மலாயாவில் கிராணி என்போம். பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டின வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் வரிசை முழுக்கத் தும்மும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மறுநாள் குழாயடியில் தீர்ப்பு வந்துவிடும். எங்கள் வீட்டு விஷயம் எதுவும் எங்கள் வீட்டோடு நின்றதில்லை.

நான் ஒரே பெண். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தேன். "போதும், இதுக்கு மேல படிச்சா மாப்பிள்ளை கிடைக்க மாட்டான்" என்று அப்பா நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் படிப்புப் போதாது என்று அவரே திருப்பி அனுப்பினார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பரீட்சை இப்படித்தான் நடக்கும். மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், தட்டு வைப்பார்கள், கேசரி சாப்பிடுவார்கள். அம்மா கோப்பி கொண்டுபோய் வைப்பாள். அப்பா பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தம்பி, ஒரு சின்னக் கேள்வி" என்று ஆரம்பிப்பார். அப்பா கேட்டது ஒருநாளும் சின்னக் கேள்வியாக இருந்ததில்லை. தமிழில் ஒரே வார்த்தையாக இருக்கும், இங்கிலீஷில் இரண்டாக இருக்கும். அந்த இடுக்கில்தான் அப்பா ஆளைப் பிடிப்பார். நமக்குக் கையில் இருந்தாலும் விரல், காலில் இருந்தாலும் விரல். வெள்ளைக்காரனுக்குக் கையில் இருந்தால் ஃபிங்கர், காலில் இருந்தால் டோ. சுவரில் மாட்டினால் கிளாக், கையில் கட்டினால் வாட்ச். நமக்கு இரண்டும் கடிகாரம். இதையெல்லாம் ஒரு மனுஷன் பெண் பார்க்க வந்த இடத்தில் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

இந்தப் பைத்தியம் அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மாதான் எனக்குச் சொன்னாள். அப்பா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த புதிதில் சரக்குக் கொட்டகையில் சின்னக் கிராணி. ஒரு தடவை எண்ணெய் டின்கள் காணாமல் போயின. காவல்காரன்தான் எடுத்திருப்பான் என்று அப்பாவுக்குச் சந்தேகம். துரை கேட்டபோது, சந்தேகம் என்றால் டவுட் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை நம்பி, காவல்காரன் எடுத்தானென்று 'ஐ டவுட்' என்று சொல்லிவிட்டார். 'ஐ சஸ்பெக்ட்' என்று சொல்லியிருக்க வேண்டும். டவுட் என்றால் அவன் எடுத்திருக்க மாட்டான் என்று ஆகிவிடுமாம். துரை சந்தோஷப்பட்டு, இவ்வளவு நல்ல காவல்காரனா என்று அவனை இன்னும் பெரிய கொட்டகைக்குக் காவல் போட்டுவிட்டார். காவல்காரன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்து, "உங்க புண்ணியம் ஐயா" என்று அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அப்பா அந்தப் பழத்தைத் தொடவில்லை. பழுத்து வீணாகிறதே என்று அம்மாதான் சாப்பிட்டாளாம்.

அன்றைக்குப் பிடித்தது. தடித்த அகராதி ஒன்றை வாங்கி ராப்பகலாக உருப்போட்டு, ஒரே மாதிரி இருக்கும் வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்து, கடைசியில் பெரிய கிராணி ஆகிவிட்டார். உலகத்தில் மனிதர்கள் இரண்டே ஜாதி என்பது அவர் கட்சி. வித்தியாசம் தெரிந்தவர்கள், வித்தியாசம் தெரியாதவர்கள். தெரியாதவன் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

முதலில் வந்தவர் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர். வெள்ளை டிரில் கோட்டு, எண்ணெய் வழிய வாரின தலை. "தம்பி, ஒரு சின்னக் கேள்வி. ஷேடுன்னா என்ன, ஷேடோன்னா என்ன?" என்றார் அப்பா. மரத்தடியில் போய் உட்கார்ந்தால் ஷேட், வெயிலில் நம் பின்னாலேயே வந்தால் ஷேடோ. எனக்குத் தெரியும். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் திருதிருவென்று விழித்துவிட்டு, "ஷேடுன்னா சின்ன நிழல் சார். ஷேடோன்னா கொஞ்சம் நீளமான நிழல்" என்றார். அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "தகவல் சொல்லி அனுப்பறோம்" என்றார். தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்பதில் மட்டும் தமிழில் யாருக்கும் குழப்பம் இல்லை.

இரண்டாவது ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவரிடமும் அதே கேள்விதான். அவர் டாண் டாண் என்று சொன்னார். சொன்னதோடு நிற்காமல், நிறத்தில்கூட ஷேட் உண்டு சார், விளக்குக்கு மேலே கவிழ்க்கிறோமே அதுவும் ஷேட்தான் சார் என்று அடுக்கிக்கொண்டே போனார். அப்பாவின் முகம் சுருங்கியது. அவர்கள் போனதும், "மரியாதை தெரியாத பையன்" என்றார்.

"பதில்தான் சரியா சொன்னாரே?" என்றாள் அம்மா.

"கேட்டதுக்கு மேல சொன்னா என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம்."

ஆக, தெரியாதவன் முட்டாள், தெரிந்தவன் அதிகப்பிரசங்கி. அப்பாவுக்குத் தெரிந்தது வரை தெரிந்துகொண்டு, அதோடு வாயை மூடிக்கொள்ளவும் தெரிந்த ஒருவன் வேண்டும். அப்படி ஒருவர் அப்பாவின் ஆபீஸிலேயே இருந்தார். அவருக்குக் கல்யாணம் ஆகி நாலு பிள்ளைகள்.

கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுப் பரீட்சை செந்தூல் வரைக்கும் பிரபலமாகிவிட்டது. அரசாங்கத்தில் கிராணி வேலைக்குப் பரீட்சை எழுத இருந்த பையன்கள் எல்லாம் திடீரென்று என்னைப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. நம் அழகு இப்போதுதான் ஊருக்குத் தெரிந்திருக்கிறது போல என்று கண்ணாடியில்கூடப் பார்த்துக்கொண்டேன். ஒருவன் சட்டைக் கையை மடித்து, அப்பா சொல்லச் சொல்ல உள்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டான். அப்போதுதான் விளங்கியது. அவர்கள் பெண் பார்க்க வரவில்லை, பாடம் கேட்க வந்தார்கள். கூடவே கேசரி வேறு. வெளியே டியூஷன் வைத்தால் காசு கேட்பார்கள், கேசரியும் கிடைக்காது.

அந்தச் சட்டைக் கைக்காரனுக்கு வேலை கிடைத்துவிட்டது. மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து அப்பாவின் காலில் விழுந்தான். அடுத்த மாதம் சிரம்பானில் யாரையோ கட்டிக்கொண்டான். அப்பாவுக்கு இதில் பெருமை தாங்கவில்லை. "நம்ம வீட்ல தேறினவன்" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். பெண்ணைக் கொடுக்காமலே ஒரு மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணின மாமனார் பிரிக்பீல்ட்ஸில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை. சோறு போடும்போது கரண்டியைத் தட்டில் டங்கென்று வைத்தாள்.

"ஏங்க, மாமனுக்கும் சித்தப்பனுக்கும் ஒரே பேரு வெச்சிருக்கான் வெள்ளைக்காரன். ரெண்டு பேரும் அங்கிளாம். அரிசிக்கும் சோத்துக்கும் ஒரே பேரு. ரெண்டும் ரைஸாம். அவன்கிட்ட போயி நாம வித்தியாசம் கத்துக்கணுமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாமத்தான் இத்தனை வருஷமா உங்களுக்குச் சோறு போடறேன். அரிசியா போட்டேன்?"

அப்பா ரசம் ஊற்றச் சொன்னார். நான் சமையற்கட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. எனக்கு இருபத்துமூன்று நடந்துகொண்டிருந்தது. என்னோடு படித்தவர்கள் எல்லாம் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று கோயிலுக்கு வந்தார்கள். குழாயடியில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பதில்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். என்னிடம்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளானிலிருந்து அவர் வந்தார்.

அவர் அங்கே ஆஸ்பத்திரியில் டிரெஸர். புண்ணைக் கழுவிக் கட்டுவது, மருந்து கலக்குவது, டாக்டர் இல்லாத நேரத்தில் டாக்டராக இருப்பது, டாக்டர் வந்ததும் மறுபடி டிரெஸராவது, இதுதான் வேலை. தாய் தகப்பன் இல்லை, பெரியப்பா வளர்த்தவர். பெரியப்பா கிள்ளானில் மாட்டுவண்டி வைத்துத் துறைமுகத்துக்கும் கடைகளுக்கும் சரக்கு அடித்துக்கொண்டிருந்தார். மாட்டை அதட்டிப் பழகின தொண்டை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வரிசை முழுக்க அவர் வந்தது தெரிந்துவிட்டது. இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. கேசரியை ஒரு பிடி பிடித்துவிட்டு, "முந்திரி கொஞ்சம் தாராளமா போட்டிருக்கலாம் தங்கச்சி" என்று அம்மாவுக்கு யோசனை வேறு சொன்னார்.

நான் திரையின் ஓரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒல்லியாக, கறுப்பாக, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லை. துவைத்த சட்டை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களிலேயே சுவரில் தொங்கின அப்பாவின் படத்தைப் பார்க்காமல் கதவுப்பக்கம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"தம்பி, ஒரு சின்னக் கேள்வி" என்றார் அப்பா. இவர் சரியாகச் சொல்லிவிட வேண்டுமே என்று இருந்தது எனக்கு. அதுவரை யார் வந்தாலும் எனக்கு அப்படி ஆனதில்லை.

"நீங்க ஆஸ்பத்திரிக்காரர். உங்க தொழில்லயே கேக்கறேன். 'இல்'லுன்னா என்ன, 'சிக்'குன்னா என்ன?"

இரண்டுமே உடம்பு சரியில்லை என்பதுதான். இல் என்றால் கொஞ்சம் கனமான சீக்கு, சிக் என்றால் குமட்டலும் சேர்ந்தது, ஆனால் லீவ் கேட்கும்போது சிக் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அப்பா இதை ஒரு மணி நேரம் இழுப்பார். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார்.

"எங்க வார்டுல ரெண்டு பேருக்கும் ஒரே கஞ்சிதாங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. வாய்விட்டு, கூடத்துக்குக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையில் திருகின திருகில் கண்ணில் நீர் வந்தது, அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.

"அது பதில் இல்லையே தம்பி" என்றார் அப்பா.

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க. எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிக்க முடியுதா, அதைத்தான் நாங்க பார்ப்போம்."

பெரியப்பா தொடையைத் தட்டிக்கொண்டு, "பையன் சரியாச் சொன்னான்" என்றார். அப்பா தட்டைக் கையில் எடுத்து, மரியாதையாக, தேங்காயோடு திருப்பிக் கொடுத்தார். தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நான் வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவிடம் சொன்னேன். எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது என்று. அம்மா அதை அப்பாவிடம் கொண்டுபோனாள்.

"பிடிக்கறது வேற, பொருந்தறது வேற" என்றார் அப்பா. "வித்தியாசம் தெரியாதவன்கிட்ட பொண்ணைக் குடுத்தா, நாளைக்கு இவளுக்கும் அடுத்த வீட்டுக்காரிக்கும் வித்தியாசம் தெரியாம நிப்பான்."

நான் புழக்கடைப்பக்கம் போய் அழுதேன். எந்த வீட்டிலும் கேட்காதபடி அழுவது அந்தக் குவார்ட்டர்ஸில் பெரிய வித்தை. எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அகராதியைத் தூக்கி அடுப்பில் போடலாமா என்று நினைத்தேன். ஈரமான மழைக்காலம், அது எரியாது என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. ரப்பர் விழுந்தால் மலாயாவில் எல்லாம் விழும். சரக்கு இல்லை, சரக்கு இல்லாததால் ரயில் குறைந்தது, ரயில் குறைந்ததால் ஆளைக் குறைத்தார்கள். அதற்கு ஒரு வார்த்தை வந்தது, ரிட்ரெஞ்ச். புது வார்த்தை. பாசாரில், அதான் சந்தையில், மீன் விற்கிறவர் அதை ஏதோ காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு, "உங்க பக்கத்து வீட்டு ஐயாவுக்கு ரிட்ரெஞ்ச் வந்துட்டுதாமே, இப்ப தேவலையா?" என்று அம்மாவிடம் விசாரித்தார்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு உண்மையில் அதுதான் வந்திருந்தது. அப்பாவுக்கு ஒரு படி கீழே வேலை பார்த்தவர். குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேறப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நாலு பேர் விசாரித்தபோது, "வயசாச்சு, ரிட்டயர் ஆகறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வாசலில் நின்ற அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ரிட்டயர்னா வேலையை முடிச்சவனை மரியாதையா அனுப்பறது. ரிட்ரெஞ்ச்னா ஆள் வேண்டாம்னு கழிக்கறது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார்.

அந்த மனிதர் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அப்பாவைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மழை விட்ட ஒரு நாள் மத்தியானம் அப்பா ஆபீஸ் நேரத்திலேயே வீட்டுக்கு வந்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுபடி எடுத்து மடித்தார். மறுபடி மாட்டினார். அம்மா என்ன என்று கேட்டாள்.

"ரிட்டயர் ஆயிட்டேன்."

"வயசு இன்னும் இருக்கேங்க?"

"முன்னாடியே குடுத்துட்டாங்க."

நான் கோப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த இன்னொரு வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை வருட ஆத்திரமும் அதன் பின்னால் நின்று தள்ளியது. விழுங்கிவிட்டேன். தம்ளரை அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் அதை எடுக்கவே இல்லை.

குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். நாகப்பட்டினத்துக்குப் போவது என்று அப்பா முடிவு பண்ணினார். அவருக்கு அது ஊர். நான் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவள், எனக்கு அது பள்ளிக்கூடத்து வரைபடத்தில் ஒரு புள்ளி. இங்கே வந்தால் உன் பெண்ணை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொள்ள யாராவது கிடைப்பான், இந்த வயசுக்கு அதுவே பெரிது என்று அப்பாவின் உறவுக்காரர்கள் எழுதியிருந்தார்கள். கப்பல் ஏறினால் என் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும். யாரிடம் சொல்வது? அம்மாவும் நானும் பேசாமல் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினோம்.

அப்பா வாசல்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். வரிசையில் எல்லோரும் ரிட்டயர், ரிட்டயர் என்றே சொன்னார்கள், ரொம்ப மரியாதையாக, ரொம்பச் சத்தமாக. அவர்களுக்கும் இப்போது வித்தியாசம் தெரிந்திருந்தது. அப்பாதானே சொல்லிக்கொடுத்தார்.

அந்த நிலைமையில் ஒரு காலை வேளையில் வாசலில் மாட்டை அதட்டுகிற குரல் கேட்டது. கிள்ளான் பெரியப்பா. பின்னால் அவர்.

ஒரு தடவை தட்டைத் திருப்பிக் கொடுத்த வீட்டுக்கு மறுபடி வருகிற வழக்கம் எங்கும் கிடையாது. அம்மா கையைப் பிசைந்தாள். நாற்காலிகளை விற்றுவிட்டோம், பிரம்பு நாற்காலி ஒன்று மட்டும்தான் பாக்கி. வந்தவர்கள் கயிறு கட்டின டிரங்குப் பெட்டிகள் மேல் உட்கார்ந்தார்கள். கேசரிக்கு ரவையும் இல்லை. வெறும் கோப்பி கொடுத்தோம். பெரியப்பா அதையும் உறிஞ்சிச் சத்தமாகக் குடித்தார்.

"இவன் வேற எங்கயும் பொண்ணு பார்க்க மாட்டேங்கறான்" என்றார் பெரியப்பா. "எத்தனை சொல்லியும் கேக்கலை. அன்னைக்கு இவன் பதில் சொன்னப்போ திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிச்சாங்களாம். அந்தப் பொண்ணுதான் வேணும்கறான். நான் என்ன பண்ண?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா நாற்காலியில் அசையாமல் இருந்தார். அவர் முகத்தில் வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

பெரியப்பாவுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. ஏதாவது விசாரிக்க வேண்டும் என்று விசாரித்தார். அவரிடம் சூது கிடையாது, அதுதான் வினை.

"ஏங்க, வர்ற வழியில கேட்டேன். ஒருத்தர் உங்களுக்கு ரிட்டயர்ங்கறார், இன்னொருத்தர் ரகசியமா ரிட்ரெஞ்சுங்கறார். நீங்கதான் இதுல எல்லாம் கெட்டிக்காரர். ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"பெரியப்பா" என்று அவர் மெல்லத் தடுத்தார். பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை. பதிலுக்காக அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா வாயைத் திறந்தார். மறுபடி மூடினார். எத்தனை பேரை அந்தக் கூடத்தில் வைத்து விழிக்க வைத்தாரோ, அத்தனை பேரின் விழியும் சேர்ந்து அவர் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீடுகளில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போனால் இந்த நாளுக்காகத்தான் நான் எத்தனையோ வருடமாகக் காத்திருந்தேன். ஆனால் அவருடைய கை நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்ததும் எனக்கு அந்த நாளே வேண்டாமென்று ஆகிவிட்டது. என் அப்பா அது.

திரைக்கு இந்தப் பக்கமிருந்து நான் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கஞ்சிதாங்க."

பெண் பார்க்கும் கூடத்தில் பெண் வாயைத் திறப்பது அதுவரை பிரிக்பீல்ட்ஸில் நடந்ததில்லை. அம்மா என்னைத் திருகக்கூட மறந்துவிட்டாள். பெரியப்பா ஒரு கணம் விழித்துவிட்டு, பெட்டி அதிர அதிரச் சிரித்தார். பக்கத்திலிருந்த மாப்பிள்ளை சிரிக்கவில்லை. நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

அப்பாவும் சிரிக்கவில்லை. நாற்காலிக் கையிலிருந்து கையை எடுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, ஒரு சின்னக் கேள்வி."

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கும் இந்த மனுஷன் திருந்தவே மாட்டாரா என்று இருந்தது.

"உங்களுக்கு என் பொண்ணைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குங்க."

அப்பா எழுந்தார். பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது. நேராகத் திரையை நோக்கி வந்தார். ஒதுக்கிப் பார்ப்பார் என்று நான் பின்னால் நகர்ந்தேன். அவர் திரையைத் தொடவில்லை. அந்தப் பக்கமே நின்றார். கீழே அவருடைய கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"உனக்கு?" என்றார்.

அத்தனை வருடத்தில் அப்பா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

"பிடிச்சிருக்குப்பா" என்றேன்.

கால் விரல்கள் திரும்பின, "தட்டை வைங்க" என்று அவர் பெரியப்பாவிடம் சொல்வது கேட்டது.